வால்வு இறுக்கமாகத்தான் இருந்தது

காசிமேட்டில் ஒரு பூனையின் வாய் நாறுகிறது என்று
யாரிடம் போய்ச் சொல்வது.
ஏலக்கூடத்துத் தண்ணீர் வழிந்தோடும்போதே
நாலு தெருவுக்கு அறிவித்துவிட்டுத்தான் போகிறது.
காயும் வலை, லுங்கி, ரூபாய் நோட்டு,
பிள்ளைகளின் கணக்கு நோட்டு,
எல்லாம் ஒரே கவுச்சி.

தேசப்பனிடம்தான் முதலில் சொன்னேன்.
தலைக்கூடையை இறக்காமலே சிரித்தான்.
"காரப்பொடி துன்ற வாயி
மல்லிப்பூவா மணக்கும்? போ நைனா, வேலயப் பாரு."

சரிதானே என்று இரண்டு மாதம் இருந்தேன்.
இரண்டு மாதம்.
டோக்கன் மீன்தலையை நக்கிவிட்டு வைத்தது.
கழுத்தைச் சாய்த்து
ஒரு பக்கத்துக் கடைவாயால் மட்டும் மென்றது.
ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல்
முன்காலால் தாடையைத் தட்டித் தட்டி உதறியது.
(டோக்கன், பூனையின் பெயர். கருத்தடை செய்தவர்கள்
இடக்காதின் நுனியை வெட்டி அனுப்பியிருந்தார்கள்,
பாதி கிழித்துக் கொடுத்த சீட்டு மாதிரி.)
குடத்தடியில் வைத்த கிண்ணம் விடிவதற்குள் காலி.
வெயில் காலம், தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.
நினைக்க எவ்வளவு வசதி இந்த வெயில் காலம்.

ஐஸ் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம், இரவு ஷிஃப்ட்.
கட்டி கட்டியாய் வெளியே போகும் ஐஸை ஊருக்குத் தெரியும்.
அதை உறையவைக்கும் அமோனியாவை
என் மூக்குக்குத் தெரியும்.
குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும்
முதலில் கண்ணோரம் கூசும்,
அப்புறம் தொண்டையில் ஒரு கீறல்.
கந்தகக் குச்சியைக் கொளுத்தி
மூட்டு மூட்டாய்க் காட்டிக்கொண்டே போவோம்,
எங்கே வெண்புகை எழுகிறதோ
அங்கே கசிவு.

ஒரு ஞாயிறு, லீவில், பாயில் கிடந்தேன்.
டோக்கன் நெஞ்சில் ஏறி
முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டது.
எழுந்து ஓடினேன்.
இருட்டில் சுவரைத் தடவித் திருகினேன்
வீட்டில் இல்லாத வால்வை.
ஜெசிந்தா லைட்டைப் போட்டாள்.
"இன்னாய்யா, கனாவா?"
கனவில்லை.
மூன்றரைக் கிலோ உடம்புக்குள்
எங்கோ ஒரு குழாய்.

வயர்கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி
ஷேர் ஆட்டோ பிடித்து வேப்பேரி.
மின்ட் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது,
அப்புறம் கத்தாமல் வந்தது இன்னும் பயம்.
வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளாடு, ஒரு கிளி.
டாக்டர் பெண் சின்ன வயசு.
பூனையின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள்:
பல்லில் பழுப்பாய்ப் படிந்த காரை,
ஈறு தக்காளித் தோல்.
"மீன் வாசன தின்ன கொஞ்ச நேரத்துல போயிடும்.
இது போகவே இல்ல பாருங்க."
மறுபடி குனிந்தாள். கொஞ்சம் நின்றாள்.
"பல்லு மட்டும் இல்ல. ரத்தம் பாத்துடலாம்."
"அமோனியா" என்றேன்.
நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்,
கைமடிப்பெல்லாம் கிரீஸ்.

சிறுநீரகம். முக்கால்வாசி போயாச்சு, திரும்பாது.
இருக்கிறதை இழுத்துப் பிடிக்கலாம்.
தோலுக்கடியில் சலைன்.
தேறிய பிறகு இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள்.
கருவாடு கூடாது. தண்ணீர் இரண்டு இடத்தில் வைக்கணும்.
நம் பேஸ்ட் அதற்கு ஆகாது, பூனை பேஸ்ட் தனி,
விரலில் துணி சுற்றித் தேய்க்கணும்.
முதல் நாள் என் விரலைக் கடித்தது.
மிச்சமிருந்த பல்லெல்லாம் கெட்டிதான் என்று தெரிந்துகொண்டேன்.

தெருவே வேடிக்கை பார்த்தது.
"பூனைக்குப் பல்லு வெளக்கறான்டா"
என்று துறைமுகம் வரை கொண்டுபோனவன் தேசப்பன்.

போன வாரம், மணி மூன்று இருக்கும்,
அவனே ஃபேக்டரிக்கு வந்தான்.
ஐஸ் கேட்கவில்லை.
கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்தான்,
பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் காதில் சொருகினான்.
இளைத்திருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை.
மூன்று தரம் எழுந்துபோய்
குழாயடியில் வாய் வைத்துக் குடித்துவிட்டு வந்தான்.
பிறகு என் பக்கம் திரும்பி
வாயைப் பெரிசாய்த் திறந்தான்.
"கொஞ்சம் மோந்து சொல்லேன், நைனா."

பீடி. சோம்பு. நேற்றைய குவார்ட்டர்.
அதற்கெல்லாம் அடியில்
வேறொன்று, இனிப்பாய்,
அழுகப்போகும் பழம்போல.

இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்தேன்.